லேப்ரடார் பெட்டைக்கு முதல் ஈத்து: இந்த ஹீட்லயே விடலாமா?

கேள்வி:
எங்க லேபுக்கு வயசு 16 மாசம். ரெண்டாவது ஹீட் (இணை சேர்ற பருவம்) ஆரம்பிச்சிருக்கு. தெரிஞ்சவர்கிட்ட நல்ல ஆண் இருக்கு, பேப்பரும் இருக்கு. "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் பெட்டை உடம்புக்கு நல்லது"ங்கறார். விடலாமா? என்னென்ன வாங்கி வைக்கணும்?

பதில் 1:
குட்டியே போடாத பெட்டைக்கு அதனால ஒரு குறையும் வராதுங்க. அந்தப் பேச்சை விடுங்க.

பேப்பர்ல அப்பா அம்மா யாருன்னு இருக்கும். இடுப்பு மூட்டு எப்படின்னு இருக்காது. லேபுக்கு இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே, கண் பரிசோதனை, பிஆர்ஏ (பார்வை போற பரம்பரை நோய்), ஈஐசி (ஓடியாடினா கால் தளர்ந்து விழற பரம்பரை நோய்) டிஎன்ஏ டெஸ்ட் எல்லாம் பார்க்கணும், ஆணுக்கும் சேர்த்து. அமெரிக்காவுல ஓஎஃப்ஏங்கற அமைப்பு இடுப்புக்கு முடிவான சான்று தர்றதே 24 மாசம் ஆன பிறகுதான். உங்களுதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. மேட்டிங்குக்கு முன்னால ரெண்டுக்கும் புருசெல்லா (இணை சேரும்போது தொத்தி கருவைக் கலைக்கற கிருமி) டெஸ்ட் கண்டிப்பா எடுங்க.

சினையா இருக்கும்போது கால்சியம் மாத்திரை கொடுக்கச் சொல்லி யாராவது கிளம்புவாங்க. டாக்டர் சொல்லாம கொடுக்காதீங்க. பால் கொடுக்கற நேரத்துல கால்சியம் சட்டுனு இறங்கி வலிப்பு வர்ற ஆபத்து அதுல கூடும்.

வாங்க வேண்டியதுல எனக்கு முதல்ல தோணறது கிராம் காட்டற தராசு. என் முதல் ஈத்துல ஏழு குட்டி. கடைசிக் குட்டி பிறக்கும்போது 310 கிராம். மறுநாள் 296. "கொஞ்சம்தானே"ன்னு இருந்துட்டேன். மூணாம் நாள் ராத்திரி அது மட்டும் கும்பலை விட்டுத் தள்ளிக் கிடந்தது, தொட்டா வாய்க்குள்ளயே சில்லுனு இருந்தது. பதறிப்போய் பால் புகட்டினேன். அதுதான் தப்பு. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, புரையும் ஏறும். முதல்ல மெதுவா சூடேத்தணும், அப்புறம்தான் பால். விடியறதுக்குள்ள போயிடுச்சு.

பதில் 2:
எட்டு குட்டி பிறந்து அஞ்சுதான் வித்துப் போச்சுன்னா மீதி மூணையும் வச்சுக்க முடியுமா? ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தர் திருப்பிக் கொண்டுவந்தா வாங்கிப்பீங்களா? எட்டு வாரத்துக்கு முன்னால யார் கேட்டாலும் குட்டியைக் கொடுக்காதீங்க.

கேள்வி கேட்டவர்:
இந்த ஹீட்ல விடலை. எக்ஸ்ரேவுக்கு டாக்டர்கிட்ட பேசறேன். பதில் 1 போட்டவங்களுக்கு: எல்லாக் குட்டியும் ஒரே நிறமா இருந்தா எதோட எடை எதுன்னு எப்படித் தெரியும்?

பதில் 1:
கழுத்துல கலர் கலரா கம்பளி நூல், சுண்டுவிரல் நுழையற தளர்வுல. வேகமா வளரும், அதனால தினமும் நூலையும் பார்த்து மாத்துங்க. எடையை ஒரே நேரத்துல காலையும் சாயங்காலமும் நோட்டுல எழுதுங்க. நல்லா குடிக்கற குட்டி 7-லேர்ந்து 10 நாளுக்குள்ள பிறந்த எடை மாதிரி ரெண்டு மடங்கு ஆயிடும். ஒரு தடவை எடை இறங்கினாலே அந்தக் குட்டியை எடுத்து முதல்ல சூடு பாருங்க, சூடா இருந்தா அம்மாவோட பின்பக்கக் காம்புல பிடிச்சு வைங்க. பால் அங்கதான் அதிகம் இருக்கும், கொழுத்த குட்டிங்க விடாது.

எங்க ரெண்டாவது ஈத்துல பச்சை நூல்காரி அப்படித்தான் தேறினா.