அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணி யாரிடமாவது இருக்கிறதா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி நாற்று தேடுகிறேன். நர்சரியில் கேட்டால் தரையில் அடர்ந்து படரும் ஒரு கொடியைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். பூ என்னவோ அதே மஞ்சள்தான், ஆனால் இலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பளபளவென்று தடிப்பாக, பக்கத்துக்கு ஒரு மடலாகப் பிரிந்து இருக்கிறது. அது அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. பூங்கா ஓரத்துக்கு அழகுதான், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

நம் ஊர்ச் செடிக்கு இலை ஒடுங்கி நீண்டு, மடல் பிரியாமல் இருக்கும். தடவினால் சொரசொரப்பு. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. வாய்க்கால் கரை, வயல் வரப்பு மாதிரி ஈரம் நிற்கும் இடத்தில் வரும். வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணி எங்கள் வரப்பிலேயே நிறைய இருக்கிறது, அது வேண்டாம்.

கணு விட்ட தண்டு நாலைந்து கிடைத்தால் போதும், வேர் பிடித்துவிடும். யார் வயலிலாவது பார்த்திருந்தால் இலை தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் போடுங்கள். நேரில் வந்தே எடுத்துக்கொள்கிறேன். பதிலுக்கு தூதுவளை நாற்று தர முடியும்.