டிஸ்ப்ளே டிரைவருக்குத் தமிழ்ச் சொல்: செவ்வாய்க்குள் வேண்டும்

பாளையங்கோட்டை ஆசிரியர்:
அன்பர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக் செய்முறைக் கையேடு செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழு பட்டைகளில் எண் காட்டும் எல்.இ.டி.யை 'எழுபட்டைக் காட்டி' ஆக்கிவிட்டேன். (ஏழு குறுகியதற்கு எழுபது சாட்சி; நன்னூலை யாரும் தூக்க வேண்டாம்.) அதை எரியவைக்கும் 4511, 7447 வகையறாச் சில்லுகளுக்கு (ஐசி) என்ன பெயர்? 'இயக்கி' என்றால் வகுப்பே சிரிக்கிறது. பாதிப் பேருக்குக் குலதெய்வம் இசக்கியம்மன்.

தென்காசிப் புலவர்:
சிரிக்க என்ன இருக்கிறது? இயக்கிதான் மருவி இசக்கி ஆனாள். சிலம்பில் மாதரி பால்மடை கொடுத்துத் திரும்புவது பூங்கண் இயக்கிக்குத்தானே! அவள் யட்சி வழி வந்தவள். 'இயக்கு' என்னும் வினையில் பிறந்த இயக்கி வேறு. குழப்பம் வேண்டாமென்றால் புறநானூறு 27ஐப் பாருங்கள்: 'வலவன் ஏவா வான ஊர்தி'. தேர் ஓட்டுபவன் வலவன். ஆகவே 'பட்டை வலவன்'. வலம், வலக்கை, வல்லமை என்று வேர் போகும் போக்கை நாளை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
அண்ணாச்சி, வேர் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். வலவன் உயர்திணை, சில்லு அஃறிணை. 'வலவன் சூடாகிவிட்டான்' என்றா எழுதுவது? 'உந்தி' போதும்.

ஜங்ஷன் ரேடியோ கடை:
உந்தி 4511க்குச் சரி. அது பொதுக் கேத்தோடு காட்டிக்கு (பட்டைகளின் எதிர்மின் முனைகள் ஒன்றாக இணைந்தது) மின்னோட்டத்தை வெளியே தள்ளுகிறது. 7447 பொது ஆனோடுக்கு (நேர்மின் முனைகள் ஒன்றாக இணைந்தது) உரியது; காட்டி வழியே வரும் மின்னோட்டத்தை உள்வாங்கித் தரைக்கு இறக்குகிறது. வாங்குவதற்கு உந்தி என்று பெயர் வைத்தால் பையன் கம்பியை மாற்றிச் சொருகுவான். மேலும் 4511 ஓட்டுவது மட்டுமில்லை. நான்கு பிட் எண்ணைப் பிடித்து வைத்து, எந்தப் பட்டை எரிய வேண்டும் என்று பிரித்த பிறகே எரிக்கிறது. பெயர் எதுவானாலும், பட்டைக்கு ஒரு 330 ஓம் தடை என்று மறக்காமல் எழுதுங்கள். ஏழுக்கும் பொதுவாக ஒன்றே போட்டால் 1 பளிச்சென்றும் 8 மங்கலாகவும் எரியும். கடையில் டிரைவர் ஐசி என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்போம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
கடைப் பேச்சைக் கையேட்டில் ஏற்றுவதானால் தமிழில் கையேடு எதற்கு?

பாளையங்கோட்டை ஆசிரியர்:
திங்கள் இரவாகிவிட்டது. 'காட்டி இயக்கி' என்றே போகிறது. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'டிரைவர் ஐசி'. பலர் சரி என்றார்கள், சிலர் சலித்துப்போய்ச் சரி என்றார்கள். மேக்ஸ் 7219 சில்லு எட்டு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றி எரிப்பதற்குச் சொல் தேடுபவர்கள் தனி இழை தொடங்கவும்.

தென்காசிப் புலவர்:
நான் சரி சொல்லவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். எட்டுக் குதிரைகளையும் ஒரே கையில் பிடித்து ஓட்டுகிற அந்த 7219ஐ வலவன் என்று சொல்லாமல் வேறு எவனைச் சொல்வது?