எஸ்.பி.எக்ஸ். காமிக்ஸ் விழாவில் கைகொடுக்க 4 பேர் வேண்டும்

வாஷிங்டன் பக்கம் இருக்கும் காமிக்ஸ் நண்பர்களே, 1994 முதல் நடக்கும், சிறு பதிப்பாளர்களும் தனிப் படைப்பாளிகளும் காமிக்ஸ் விற்கும் ஸ்மால் பிரஸ் எக்ஸ்போவுக்கு (எஸ்.பி.எக்ஸ்.) இந்தச் செப்டம்பரில் தன்னார்வலர்களாகச் சேர்ந்து போகிறோம். இடம் நார்த் பெத்தெஸ்டா மேரியட் ஓட்டல். இன்னும் 4 பேர் தேவை. பதிவுப் படிவத்தை அவரவரே நிரப்ப வேண்டும்.

காலையில் பெட்டி இறக்கத்தான் ஆள் குறைவு. புத்தகப் பெட்டி சின்னதாகத் தெரியும், தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். டிராலி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

தனியாக மேசை போட்டிருக்கும் படைப்பாளி சாப்பிடப் போனால் அவர் இடத்தில் உட்காருவது இன்னொரு வேலை. சும்மா உட்காருவது இல்லை. அவர் கிளம்பும் முன்பே ஒவ்வொன்றின் விலை, சில்லறை இருக்கும் இடம், விற்கக்கூடாத மாதிரிப் பிரதி எது என்று கேட்டுத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் விட்டால் மாதிரிப் பிரதிதான் முதலில் விற்றுப்போகும்! கார்டு இயந்திரம் பெரும்பாலும் அவர் போனோடு போய்விடும். அதனால் ரொக்கம் மட்டும். 1, 5 டாலர் நோட்டுகள் சீக்கிரம் தீரும், கொஞ்சம் கொண்டுவாருங்கள்.

வார இறுதியில் மெட்ரோ ரயிலின் ரெட் லைனில் தண்டவாள வேலை இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். சனி இரவு இக்னாட்ஸ் என்ற காமிக்ஸ் விருது விழா. பரிசாகச் செங்கல் கொடுப்பார்கள், முடிந்தால் இருந்து பாருங்கள்.

சனியா ஞாயிறா, காலையா மாலையா, பாரம் தூக்க முடியுமா என்று பதில் போடுங்கள்.