தந்தி ஆபீஸ் சித்தப்பாவும் டைட்டானிக்கும்

அத்தை: டைட்டானிக் மூழ்கியதற்குப் படகு போதாததுதான் காரணமாமே? யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

அண்ணன்: மூழ்கியது பனிப்பாறையில் மோதி, அத்தை. படகு போதாததால் சாவு கூடியது. சுமார் 2,200 பேர் இருந்த கப்பலில் 20 படகு. எல்லாம் நிரம்பினாலும் 1,178 பேர்தான்.

அத்தை: அவ்வளவு பெரிய கப்பலில் ஏன்டா இப்படி?

அண்ணன்: சட்டம் பழசு. 10,000 டன்னுக்கு மேல் எவ்வளவு பெரிதானாலும் 16 படகு போதும். இது 46,000 டன் 😑

சித்தப்பா: படகை விடுங்கள், தந்தி அறையைப் பாருங்கள். கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கு நடுவில் நின்றிருந்தது. அதன் தந்தி ஆபரேட்டர் எவன்ஸ் "பனி சூழ்ந்துவிட்டது, நின்றுவிட்டோம்" என்றார். டைட்டானிக்கின் ஆபரேட்டர் பிலிப்ஸ் "பேசாமல் இரு, வேலையாக இருக்கிறேன்" என்று அடக்கிவிட்டார்.

அண்ணி: திமிர்தானே மாமா?

சித்தப்பா: இல்லம்மா. இரண்டு நாள் முன்பு கருவி பழுதாகி, பயணிகளின் தந்தி தேங்கிக் கிடந்தது. கேப் ரேஸ் என்ற கரைத் தந்தி நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கப்பலின் சத்தம் காதைப் பிளந்தால்? ஆபீஸில் நானும் இப்படி எரிந்து விழுந்தவன்தான்.

நான்: அப்புறம்?

சித்தப்பா: இரவு 11:30 வாக்கில் எவன்ஸ் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். 11:40க்கு மோதல். அந்தக் கப்பலில் அவர் ஒருவர்தான் ஆபரேட்டர்.

அத்தை: வாணம் விடவில்லையா?

அண்ணன்: விட்டார்கள். கலிஃபோர்னியனில் காவலில் இருந்தவர்கள் பார்த்தார்கள், கேப்டனிடமும் சொன்னார்கள். எவன்ஸை மட்டும் விடியும்வரை யாரும் எழுப்பவில்லை!

அத்தை: அடப்பாவிகளா 😡

சித்தப்பா: கார்பேத்தியா என்ற இன்னொரு கப்பலின் ஆபரேட்டர் காட்டமும் படுக்கப் போனவர்தான். ஆனால் உடை மாற்றும்போதும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. அதில்தான் ஆபத்துச் செய்தி கிடைத்தது. 58 மைல் தூரம். கேப்டன் ராஸ்ட்ரன் பயணிகளின் வெந்நீரைக்கூட நிறுத்தி, நீராவியை எஞ்சினுக்குத் திருப்பினார். 4 மணிக்குப் போய்ச் சேர்ந்தார். டைட்டானிக் 2:20க்கே போய்விட்டது. படகுகளில் இருந்த 700 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டார்.

அண்ணி: பிலிப்ஸ்?

சித்தப்பா: கப்பல் மூழ்கப் போகும்வரை செய்தி தட்டிக்கொண்டிருந்தார். பிழைக்கவில்லை. 25 வயது.

அத்தை: ஐயோ, சின்னப் பையன். பெற்றவள் என்ன பாடுபட்டாளோ.

நான்: இப்போதும் ஒரே ஆபரேட்டர்தானா சித்தப்பா?

சித்தப்பா: அமெரிக்கா, கப்பல் மூழ்கிய 1912லேயே சட்டம் போட்டது: பயணிக் கப்பலில் இரவு பகலாக ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 1914இல் லண்டனில் உலக ஒப்பந்தமும் எழுதினார்கள், எல்லோருக்கும் படகு என்று. போர் வந்து அது இழுத்துக்கொண்டு போனது.