களவாவின் வாய்க்குள் நுழையும் கிளீனர் ராஸ்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கோவை_ஆழி:
அந்தமான் ஹேவ்லாக். முழங்கை நீளக் களவா மீன் ஒன்று பாறையோரம் வாயைத் திறந்தபடி நின்றது. மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும் விரல் நீள ராஸ் மீன் உள்ளே புகுந்து செவுள் வழியாக வெளியே வந்தது. திடீரென்று களவாவின் உடல் வெடுக்கென்று உதறியது. கடித்துவிட்டது! விழுங்கப்போகிறது என்றே நினைத்தேன். ராஸோ ஓடாமல் அதன் முதுகின் மேல் நின்று, வயிற்றுத் துடுப்புகளால் படபடவென்று தடவிக்கொடுத்தது. களவா மறுபடியும் வாயைத் திறந்தது. எப்படி மனம் வந்தது அதற்கு?

பொள்ளாச்சி_தென்னை:
அண்ணா, அது ராஸே அல்ல. அதே நீலமும் கறுப்புக் கோடுமாக வேடமிடும் அஸ்பிடோன்டஸ் என்ற பிளென்னி வகை மீன். லட்சத்தீவில் என் கண்ணெதிரே ஒரு வண்ணத்துப்பூச்சி மீனின் வாலில் துண்டு பிய்த்துக்கொண்டு பொந்துக்குள் மறைந்தது. பாவம், அந்த மீன் சுத்தம் செய்துகொள்ளத்தான் துடுப்பை விரித்து நின்றது.

கோவை_ஆழி:
தம்பி, பிளென்னிக்கு வாய் முகத்தின் அடியில் இருக்கும். நான் பார்த்ததற்கு நுனியில் இருந்தது. ராஸும் கடிக்கும். ஒட்டுண்ணியைவிட மீன் தோலின் சளிதான் அதற்கு அதிகம் பிடிக்கும். அதற்காக ஏமாற்றுக்காரன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே ராஸ் நாளுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பதை ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

திருப்பூர்_நூல்:
அத்தை மகன் தொட்டியில் ஒரு ராஸ் இருந்தது. கண்ணாடியைச் சாய்த்து வைத்தோம். முதலில் மோதியது. சில நாளில் மோதலை விட்டுவிட்டு, அதன் முன்னால் தலைகீழாக நீந்தியது. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ராஸின் தொண்டையில் பழுப்புப் புள்ளி வைத்தபோது, கண்ணாடியில் பார்த்த பிறகு தொண்டையைத் தரையில் தேய்த்ததாம். எனக்கு அது வியப்பே இல்லை. அந்த மீன் தன்னைத்தான் பார்த்தது.

ஈரோடு_உப்புத்தொட்டி:
நண்பர் வீட்டில் ஒன்று நாளுக்கு நாள் வயிறு ஒட்டி, எந்தத் தீனியையும் தொடாமல் போனது. திருப்பூர் அக்கா, தயவுசெய்து இன்னொன்று வாங்க வேண்டாம் என்று உங்கள் அத்தை மகனிடம் சொல்லுங்கள். நாலைந்து மீன் உள்ள தொட்டியில் அதற்கு ஏது ஒட்டுண்ணி? பெரும்பாலும் பட்டினியில்தான் சாகும். பவளத்திட்டில் ஒன்றைப் பிடித்தால் அங்குள்ள மற்ற மீன்களுக்கும் கேடு. சுத்தம் செய்யும் மீன்தான் வேண்டுமென்றால் பண்ணையில் பிறந்த நியான் கோபி வாங்கலாம். அது தீனியும் எடுக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பைக் கரைக்காதீர்கள், ஆர்.ஓ. தண்ணீரே வேண்டும். உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025 இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் காற்று பம்பாவது இன்வெர்ட்டரில் ஓட வேண்டும். தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் குறைந்துவிடும்.