கணினி பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் பெயர் மாறுவது கர்னலின் தவறா?

பழைய_டெர்மினல்:
போன வாரம் ஒரு சர்வரில் லினக்ஸ் கர்னலை (வன்பொருளை நேரடியாக இயக்கும் மைய நிரலை) 4.19-இலிருந்து 6.1-க்கு மாற்றினேன். ரீபூட் செய்ததும், கர்னல் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்களில், வருடக்கணக்காக எஸ்டிபி ஆக இருந்த பேக்கப் டிஸ்க் எஸ்டிஏ ஆகிவிட்டது. கேபிளைத் தொடவே இல்லை. ராத்திரி கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) எஸ்டிபியை ஃபார்மட் செய்துவிட்டு நகல் எடுக்கும். இந்த முறை எஸ்டிபி என்பது சிஸ்டம் டிஸ்க்! பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருந்ததால் ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் (mkfs) மறுத்துவிட்டது, அதனால் பிழைத்தோம். அந்த இடத்தில், எதையும் கேட்காமல் மேலெழுதும் டிடி (dd) கமாண்ட் இருந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். டிஸ்க்குகளைக் கண்டறியும் வரிசையைக் கர்னல் காப்பாற்றியே ஆக வேண்டும்.

டிரைவர்_மாறன்:
எஸ்டிபி என்பது நிலையான பெயரே இல்லை, வெறும் டோக்கன். முதலில் தயாரான டிஸ்க்குக்கு முதல் டோக்கன். இப்போது ப்ரோப் (டிஸ்க்கைக் கண்டறிந்து தயார் செய்வது) ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் இணையாக நடக்கிறது, ஏனென்றால் ஒரு பழைய டிஸ்க் சுழன்று வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும், அதற்காக மற்ற எல்லாம் கைகட்டி நிற்க முடியாது. அப்புறம், அந்தப் பழைய வரிசைக்கும் உத்தரவாதம் எங்கே இருந்தது? கர்னலுக்குள்ளேயே சேர்த்த டிரைவர்களில் ஒரே இனிட்கால் மட்டத்தில் (பூட் ஆகும்போது தொடங்கும் கட்டத்தில்) இருப்பவை மேக்ஃபைலில் (கர்னலைக் கட்டும் குறிப்புக் கோப்பில்) எழுதிய வரிசையில்தான் ஓடும். அங்கே இரண்டு வரியை இடம் மாற்றினாலே போதும், உங்கள் டிஸ்க்கும் இடம் மாறும்.

பழைய_டெர்மினல்:
மேக்ஃபைல் வரிசையோ என்னவோ, அத்தனை வருடம் மாறாமல் இருந்ததை நம்பித்தானே மக்கள் ஸ்கிரிப்ட் எழுதினார்கள்? பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எத்தனை முறை சொல்லியிருக்கிறார். டிஸ்க் பெயருக்குப் பதில் யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்துக்குள் எழுதப்பட்ட தனி அடையாள எண்) போடுங்கள் என்பீர்கள். ரூட் ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடியைக் கர்னலால் நேரடியாகப் படிக்க முடியாது, இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் சின்ன ஃபைல்சிஸ்டம்) வேண்டும். அது இல்லாத சின்னப் பெட்டிகளை என்ன செய்வது?

போர்டுக்காரர்:
அதற்கு பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனுக்கான அடையாள எண்) இருக்கிறது அண்ணா, அதைக் கர்னலே பார்ட்டிஷன் டேபிளில் படித்துக்கொள்ளும். ஆனால் உங்கள் வலி எனக்குப் புரிகிறது. கர்னல் 5.10-இல் எம்எம்சி (மெமரி கார்டு வகைச் சேமிப்பு) ப்ரோப் இணையாக மாறியபோது என் போர்டில் ஈஎம்எம்சியும் (போர்டிலேயே பதித்த சேமிப்பும்) எஸ்டி கார்டும் எண் மாறிக்கொண்டன. சீரியல் கன்சோலில் ரூட் டிவைஸுக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி, அதோடு சரி. அரை நாள் கார்டைத்தான் சந்தேகப்பட்டேன். அதே 5.10-இல் டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருள் விவரக் கோப்பு) அலையாஸ் மூலம் எண்ணை நிலையாக வைக்கும் வசதியும் வந்திருந்தது, அதைப் போட்டதும் சரியானது.

பழைய_டெர்மினல்:
பார்த்தீர்களா, எம்எம்சிக்கு மட்டும் கர்னலே இறங்கி வந்திருக்கிறது!

டிரைவர்_மாறன்:
இறங்கி வந்தது பெயர் விஷயத்தில். வரிசை இன்னும் இணைதான். இந்த ஸ்லாட்டுக்கு இந்த எண் என்று போர்டு செய்தவர் எழுதித் தருகிறார், கர்னல் ஏற்கிறது. உங்கள் சர்வரில் அந்த வேலையை, டிவைஸ்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் நிரல் செய்கிறது. டெவ் டைரக்டரியில் டிஸ்க், அதற்குள் பை-ஐடி (/dev/disk/by-id) பாருங்கள், மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த லிங்க் இருக்கும். டிஸ்க்கை எந்த போர்ட்டில் செருகினாலும் அதே பெயர்தான். ஃபார்மட் செய்யும் ஸ்கிரிப்டில் இதைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது, யூயூஐடி கூட வேண்டாம், ஃபார்மட் செய்தால் அது மாறிவிடும்.

பழைய_டெர்மினல்:
யூயூஐடி மாறும் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, நன்றி. கிரானை பை-ஐடிக்கு மாற்றிவிட்டேன். ஆனால் வாதத்தை ஏற்கவில்லை. கர்னலை மட்டும் மாற்றிய ஒருவரின் டிஸ்க் இடம் மாறினால் அது ரிக்ரெஷன்தான் (முன்பு சரியாக இருந்தது புதிய பதிப்பில் உடைவது).

போர்டுக்காரர்:
கிரான் மட்டும் போதாது அண்ணா. எஃப்எஸ்டேபில் (மவுண்ட் பட்டியலான fstab-இல்) ஸ்வாப் வரியையும், டிஸ்க்கின் உடல்நிலையைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்-டியின் (smartd) கான்ஃபிக் ஃபைலையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பழைய எஸ்டிபி ஒளிந்திருக்கும்.