பள்ளிப் பேருந்து நிற்கும் முனையில் காலையும் மாலையும் கார்க் கூட்டம்: பெற்றோரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: முனைவீட்டுக்காரர்

எங்கள் வீடு, தெரு பெரிய சாலையோடு சேரும் முனையில் இருக்கிறது. மதில்சுவரை ஒட்டிய இடத்தில்தான் பள்ளிப் பேருந்து நிற்கும். அந்த இடத்தை முடிவு செய்தபோது ஏழெட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஏறினார்கள். எல்லாரும் நடந்து வரும் தொலைவில் இருந்தவர்கள். இப்போது இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஏறுகிறார்கள், அவர்களில் பாதிப் பேர் காரில் வந்து இறங்குகிறார்கள். பேருந்து வருவது 7:40 மணிக்கு. கார்கள் 7:20க்கே வந்து இரண்டு ஓரங்களிலும், முனை வளைவிலும், எங்கள் வாசலிலும் நின்றுவிடுகின்றன. என் மகளும் இதே பேருந்தில்தான் போகிறாள் என்பதால், நிறுத்தமே வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று.

வாசலை மறிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஓரம் முழுவதும் கார்கள் நிற்பதால் பேருந்து நடைபாதையை ஒட்டி வர முடியாமல் சாலை நடுவிலேயே நின்று கதவைத் திறக்கிறது. பிள்ளைகள் முதுகுப்பையோடு இரண்டு கார்களுக்கு இடையிலுள்ள சந்தில் நுழைந்து போய் ஏறுகிறார்கள். அதுதான் பொறுக்க முடியவில்லை. சென்ற வாரம் ஒரு சிறுவனின் தண்ணீர் பாட்டில் கை நழுவி, நின்றிருந்த காரின் அடியில் உருண்டது. அவன் மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, தன் பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பியவர் அந்தக் காரில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் போட்ட கூச்சலில்தான் நிறுத்தினார். சிறுவன் பாட்டிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவன்போல ஏறிப் போனான். எனக்குத்தான் வெகுநேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு பேரிடம் பேசிப் பார்த்தேன். ஒருவர், "ரெண்டு நிமிஷம்தானே சார்" என்றார். இன்னொருவர், சாலை எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள், பகைத்துக்கொள்ளவும் மனமில்லை. நிறுத்தத்தை வேறு இடத்துக்கு மாற்றக் கேட்பது சரியா, அல்லது பெற்றோரிடமே பேசி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஓட்டுநர்

ஐயா, பல ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஓட்டுநர் ஏன் சாலை நடுவில் நிறுத்துகிறார் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர், பெரிய பேருந்தின் அகலம், பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டே, ஏறக்குறைய 2.5 மீட்டர். 6 மீட்டர் அகலச் சாலையில் இரு ஓரங்களிலும் கார்கள் நின்றால் நடுவில் மிஞ்சுவது 2.4 மீட்டர்தான். பேருந்து அதில் நுழையவே முடியாது. ஓர் ஓரத்தை மட்டும் காலியாக விட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும், அது கதவு திறக்கும் பக்கமாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்திலும் பேருந்தின் நீளத்துக்கு மட்டும் இடம் விட்டால் போதாது. சாய்ந்து உள்ளே வரவும், மறுபடி வெளியே எடுக்கவும் இடம் வேண்டுமென்பதால், இரண்டு பேருந்து நீளமாவது திறந்து கிடக்க வேண்டும்.

அடுத்தது, நாங்கள் இருக்கையில் இருந்து பார்ப்பது. எங்கள் இருக்கை உயரமானது, அதனால் எல்லாம் தெரியும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் பேருந்தின் மூக்குக்கு நேர் கீழேயும், முன்சக்கரத்தின் பக்கத்திலும், பின்புறத்திலும் நிற்கும் சிறுபிள்ளை எங்களுக்குத் தெரிவதே இல்லை. குனிந்து ஷூ நாடா கட்டினால் கேட்கவே வேண்டாம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: இறங்கியதும் பேருந்தை விட்டுப் பத்து எட்டு தள்ளிப் போய், என் முகம் உனக்குத் தெரிகிறதா என்று பார், என் முகம் தெரிந்தால்தான் நீ எனக்குத் தெரிவாய். கார்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் அந்தப் பத்து எட்டுக்கு எங்கே போவது?

காலையைவிட எனக்கு மாலையில்தான் பயம் அதிகம். காலையில் பிள்ளை அரைத் தூக்கத்தில் மெதுவாக வரும். மாலையில் துள்ளிக் குதித்து இறங்கும். அந்த நேரம் பார்த்து, எதிர் ஓரத்தில் காரை நிறுத்தியிருக்கும் அப்பாவோ அம்மாவோ கதவைத் திறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையசைப்பார்கள். பிள்ளை அந்தக் கையை மட்டும்தான் பார்க்கும், சாலையைப் பார்க்காது. எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் தயவுசெய்து சாலையைக் கடந்து வந்து, கதவருகே நின்று, கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், காய்ந்த சாலையில், ஆபத்தைக் கண்டதிலிருந்து முழுவதுமாக நிற்க ஏறக்குறைய 13 மீட்டர் எடுத்துக்கொள்ளும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், காலை பிரேக்கில் வைப்பதற்கு ஆகும் ஒரு நொடியிலேயே ஏறக்குறைய 14 மீட்டர் கடந்துவிடுவார். அதாவது முதல் கார் நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது கார் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. பேருந்தைப் பிடிக்க விரட்டிக்கொண்டு வருபவர்கள் கடைசித் தெருவில் வரும் வேகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுமொழி: இரண்டு பிள்ளைகளின் தாய்

நீங்கள் திட்டும் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து நிறுத்தம் ஒன்றரைக் கிலோமீட்டர். சின்னவனுக்கு ஐந்து வயது. அவர்களை ஏற்றிவிட்ட கையோடு நான் வேலைக்குப் போக வேண்டும். நடந்து வா என்று சொல்வது எளிது.

ஆனால் இருபது நிமிடம் முன்னதாக வந்து நிற்பது எங்களுக்கும் இன்பமான பொழுதுபோக்கன்று. பேருந்து ஒரு நாள் 7:32க்கு வருகிறது, இன்னொரு நாள் 7:50க்கு. ஒரு முறை தவறவிட்டவர்கள் மறுமுறை முன்கூட்டியே வருவார்கள். முன்னால் வந்தவருக்குக் கதவருகே இடம் கிடைப்பதைப் பார்த்து மற்றவர்களும் முந்துவார்கள். முந்தைய நிறுத்தத்தை விட்டுப் புறப்படும்போது பேருந்தில் வரும் உதவியாளர் பெற்றோர் குழுவுக்கு ஒரு வரி செய்தி அனுப்பினால், எங்களில் பலர் 7:35க்கு முன் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டோம். இதைப் பள்ளியிடம் நீங்கள் ஒருவராகக் கேட்காமல், நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் நிறுத்தத்துக்கு எதிர்வீட்டார் என் கார்க் கண்ணாடியில் "அறிவில்லையா?" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தவறு என்னுடையதுதான். ஆனாலும் அதைப் பசையோடு சுரண்டி எடுத்தபோது வந்த கோபத்தில் மறுநாளும் வேண்டுமென்றே அங்கேதான் நிறுத்தினேன். பாட்டில் எடுக்கக் குனிந்த சிறுவனைப் பற்றி இங்கே எழுதியதை அப்படியே எங்களிடம் சொல்லியிருந்தால், இடம் மாற்றி நிறுத்தாத தாய் ஒருத்திகூட இருந்திருக்க மாட்டாள்.

மறுமொழி: நேர்பேச்சுக்காரன்

போலீசில் ஒரு புகார் கொடுங்கள். நான்கு பேருக்கு அபராதம் விழுந்தால் தானாக ஒழுங்கு வந்துவிடும்.

மறுமொழி: முன்னாள் சங்கச் செயலாளர்

அபராதம் விழும் நாளில் ஒழுங்கு இருக்கும்; காவலர் வராத நாளில் பழைய கதைதான். வளைவு முனையிலும், வாசல் முன்பும், பாதசாரிகள் கடக்கும் இடத்திலும் வண்டி நிறுத்துவது ஏறக்குறைய எல்லா இடங்களிலும் விதிமீறல் என்பதால் புகாருக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தத்தை மாற்றுவது பற்றி நான் கசப்பாகக் கற்றுக்கொண்டேன். எங்கள் குடியிருப்பில் இதே நெரிசலுக்காக நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி வைத்தோம். கார்களும் நூறு மீட்டர் தள்ளிப் போய் இன்னொருவர் வாசலை அடைத்தன. மாற்றத்தான் வேண்டுமென்றால், புதிய இடம் நேரான சாலையில் இருக்கிறதா, இரு பக்கமும் தொலைவிலிருந்தே தெரிகிறதா, பிள்ளைகள் சாலையில் இறங்காமல் நிற்க இடம் உண்டா, அதிகமான பிள்ளைகள் கடக்காமலே வந்து சேரும் பக்கமா என்று பாருங்கள். உங்கள் முனை முதல் இரண்டிலுமே தோற்றுவிடும் என்று தோன்றுகிறது, ஆகவே கேட்பதில் தவறில்லை. முடிவு பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் கையில் இருக்கும். ஓட்டுநரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

நெரிசலை எது உண்டாக்குகிறது என்று ஒரு வாரம் மாடியிலிருந்து பார்த்தோம். நிற்கும் கார்கள்தாம் காரணம் என்று நினைத்திருந்தோம். பிள்ளையை ஏற்றிவிட்டு, வந்த வழியே போக அந்தக் குறுகலிலேயே வண்டியைத் திருப்பியவர்கள்தாம் எல்லாவற்றையும் முடக்கினார்கள். ஒருவர் ரிவர்ஸ் எடுக்க, பின்னால் இருவர் ஹாரன் அடிக்க, பேருந்து நடுவில் மாட்டிக்கொள்ளும். ரிவர்ஸ் எடுக்கும் காருக்குப் பின்னால்தான் பிள்ளைகளும் நடப்பார்கள். எனவே எல்லாரும் ஒரே முனையில் நுழைந்து, அடுத்த தெருவில் ஒரே ஓரத்தில் ஒரே திசை பார்த்து நிறுத்திவிட்டு, மீதி இருநூறு மீட்டரைப் பிள்ளையோடு நடந்து வந்து, மறுமுனை வழியாக வெளியேறுவது என்று பேசி முடித்தோம். அந்த நடைக்கு மூன்று நிமிடம் ஆகும். காத்திருக்கும்போது இன்ஜினை அணைத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தோம். பெரியவர்களின் முகத்தைவிட வரிசையில் நிற்கும் பிள்ளையின் முகம் புகைக்குழாய்க்கு நெருக்கமான உயரத்தில் இருப்பதைக் காட்டியபோது அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பேசும்போது வீட்டு வாசலைப் பற்றி முதலில் பேசாதீர்கள். "என் வாசல்" என்று தொடங்கினால் அது உங்கள் வழக்கு. பேருந்து ஓரம் கட்ட இடம் வேண்டும் என்று தொடங்கினால் எல்லாருடைய வழக்கு. சாலையில் கல்லையும் பூந்தொட்டியையும் வைத்து இடம் பிடிக்காதீர்கள், அதுவும் ஒரு தடைதான். கார் எண்ணோடு படம் எடுத்துக் குழுவில் போடுவது அதைவிட மோசம்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரம் கழித்து

அனைவருக்கும் நன்றி. அம்மா சொன்னபடி நான்கு பெற்றோரை வீட்டுக்கு அழைத்து, பாட்டில் சம்பவத்திலிருந்தே தொடங்கினேன். அந்தக் காரின் உரிமையாளரும் வந்திருந்தார். தாம் அன்று கீழே குனிந்திருந்தவனைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கதவுப் பக்க ஓரத்தைக் காலியாக வைக்க முதல் வாரம் தாமே நின்று பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். இப்போது பத்துப் பன்னிரண்டு கார்கள் அடுத்த தெருவில் நிற்கின்றன. இருவர் மட்டும் இன்னும் வளைவிலேயே நிறுத்துகிறார்கள். செய்தி அனுப்பும் யோசனையைப் பள்ளி ஏற்றுக்கொண்டது, ஆனால் உதவியாளர் வாரத்தில் இரண்டு நாள் மறந்துவிடுகிறார். நிறுத்தத்தை மாற்றும் விண்ணப்பம் அவர்களிடம் கிடக்கிறது.

ஓட்டுநர் ஐயாவிடம் ஒரு சந்தேகம்: மழை நாளில் இந்த ஒழுங்கு முழுவதும் குலைந்து, எல்லாரும் பழையபடி கதவருகே வந்துவிடுகிறார்கள். அதற்கு ஏதாவது வழி உண்டா?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஓட்டுநர்

மழையில் யாரையும் தடுக்க முடியாது ஐயா, நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று பெற்றோர் பெரிய குடையோடு முறை வைத்து நின்று, அடுத்த தெருவிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்து அழைத்து வரட்டும். அப்போது கார்கள் நெருங்கி வரத் தேவை இராது. சின்னப் பிள்ளையின் கையில் குடையைக் கொடுக்காதீர்கள். சாய்த்துப் பிடித்தால் எதிரே வருவது அதற்கும் தெரியாது, அந்தப் பிள்ளை எனக்கும் தெரியாது. பளிச்சென்ற நிறத்தில் மழைச்சட்டை போதும். அதன் தலைமூடி இரு பக்கப் பார்வையையும் மறைக்குமென்பதால், சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் அதைப் பின்னால் தள்ளிவிடச் சொல்லுங்கள். நாலு துளி தலையில் விழுந்தால் பரவாயில்லை.